நாற்பத்தேழரை சென்டிமீட்டர்

ஒரே ஒரு நாட்டில், வெயில் என்பது தூரத்து உறவு மாதிரி எப்போதாவது தலைகாட்டிவிட்டுப் போகிற குளிர் நாட்டில், ஒரே ஒரு துணி இருந்ததாம், அந்தத் துணிக்கு ஒரே ஒரு குணமாம், நனைந்தால் சுருங்குமாம். உம். இந்த உம்மை யாராவது சொல்ல வேண்டும், சொன்னால்தான் கதை அடுத்த அடி வைக்கும், அம்மாவைப் பெற்ற அப்பிச்சி சொன்ன கதைகள் எல்லாம் அப்படித்தான் நகர்ந்தன, நான் உம் கொட்ட மறந்தால் ராஜா குதிரையின் மேல் ஒரு காலைப் போட்டபடி அப்படியே நிற்பார். இங்கே உம் கொட்டுவது டிரையர். கண்ணாடி வட்டத்துக்குள் நீலத் துணி மேலே ஏறுகிறது, உச்சிக்குப் போய் ஒரு கணம் யோசிக்கிறது, விழுகிறது, உம். மறுபடி ஏறுகிறது. கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் நாற்பத்து மூன்று நிமிடம் என்று இருக்கிறது, சற்று முன்பு நாற்பத்தைந்து. மணி பதினொன்று பத்து. லேப் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். ஜன்னலோரம் நாற்காலியில் பிரமிளா மேடம், துணியை வாங்கப்போகிற கம்பெனி சார்பில் தரம் பார்க்க வருகிறவர், மடியில் லேப்டாப். கதவுக்குப் பக்கத்தில், உட்காரச் சொன்னால்கூட உட்காராமல், சென்னியப்பன் அண்ணன், ஸ்டென்டர் மெஷின் ஓட்டுகிறவர். பிறகு நான், நவனீதன், லேப்பில் மூன்றாவது மாதம், இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் ஆகும் அல்லது ஆகாது. துணி எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டரில் ஒரு சதுரம், அழியாத பேனாவால் வரைந்து, துவைத்து, காயவைத்து, திரும்ப அளக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து வரை சுருங்கலாம். ஐம்பது என்பது நாற்பத்தேழரை ஆகலாம். அதற்குக் கீழே ஒரு நூல் போனாலும் துணி பெயில். நாற்பத்தேழரை. காலையிலிருந்து இந்த எண் என் வாய்க்குள் புளியங்கொட்டை மாதிரி உருண்டுகொண்டிருக்கிறது, துப்பவும் முடியவில்லை, கடிக்கவும் முடியவில்லை.

நேற்று இதே துணியை நான் துவைக்கவில்லை. இதை இப்படி நேராக மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது நாலாவது தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ செய்ததை யாரிடமோ சொல்வது போலத்தான் இருக்கிறது. சாயங்காலம் நாலரை. வரிசையில் ஆறு லாட் துணி. ஐந்தைத் துவைத்தாயிற்று, ஐந்தும் மைனஸ் மூன்று, மைனஸ் நாலு, எல்லாம் பாஸ். வெளியே வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஆறாவது இந்த நேவி ப்ளூ, நானூற்று இருபது கிலோ, குழந்தைகள் டீ-சர்ட்டுக்கானது. சதுரம் வரைந்தேன், வெட்டினேன், நாலாக மடித்து டிராயருக்குள் வைத்தேன், தாளில் நீளம் மைனஸ் மூன்று, அகலம் மைனஸ் நாலு என்று எழுதினேன். பேனா எந்த இடத்திலும் தயங்கவில்லை. அந்தச் சதுரம் இப்போதும் அந்த டிராயரில்தான் இருக்கிறது, நான் அந்த டிராயரில்தான் சாய்ந்து நிற்கிறேன், இடுப்பில் அதன் கைப்பிடி குத்துகிறது. ஒன்பதாம் வகுப்பில் நாடித்துடிப்பு எண்ணச் சொன்னார்கள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன், எனக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஒருவேளை எனக்கு நாடியே இல்லையோ என்று ஒரு நிமிடம் முழுக்கப் பயந்தேன், கேட்கக் கூச்சம், கேட்டாலும் என் குரல் பின்பெஞ்சைத் தாண்டாது. பாடப்புத்தகத்தில் எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது, எழுபத்திரண்டு என்று எழுதினேன். டீச்சர் சிவப்பு மையில் சரி போட்டார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் என் நெஞ்சு எழுபத்திரண்டு தடவைதான் அடிக்கிறது என்று நானே நம்பினேன். இன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணலாம், நேரம் இருக்கிறது, நாற்பத்தொரு நிமிடம் இருக்கிறது, ஆனால் விரலை மணிக்கட்டில் வைத்தால் பிரமிளா மேடம் பார்ப்பார், ஏன் என்று கேட்பார்.

அவர் காலை எட்டரைக்கெல்லாம் வந்துவிட்டார். கட்டிங் யூனிட்டிலிருந்து நேராக, கையில் இதே நேவி ப்ளூவில் ஒரு மீட்டர். "நவனீதன், என் முன்னாடி இன்னொரு தடவை டெஸ்ட் போடுங்க," என்றார். ஏன் என்று சொல்லவில்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்? வண்டி டிரைவரா, டிரைவருக்கு என்ன தெரியும். சூப்பர்வைசர் சொல்ல மாட்டார், துணி சீக்கிரம் போக வேண்டும் என்று பறந்தவரே அவர்தான். இந்த யார் என்கிற கேள்வி எட்டரை மணியிலிருந்து என்னோடு நடந்து வருகிறது, சதுரம் வரையும்போது கூட நின்றது, வாஷிங் மெஷின் சுற்றிய ஒன்றரை மணி நேரமும் கூட நின்றது. வாஷிங் முடிந்து துணியை டிரையரில் போடப்போகும்போது மேடம் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், "ஃபில்டர் சுத்தமா இருக்கா?" என்றார். டிரையருக்குள் ஒரு ஜாலி, கம்பி வலைத் தட்டு, உண்டு, சுற்றும் துணியிலிருந்து உதிர்கிற பஞ்செல்லாம் அதில் படியும், எந்த நிறத் துணி கடைசியாகக் காய்ந்ததோ அந்த நிறப் பஞ்சு மேலாக இருக்கும். நேற்று நான் கடைசியாகக் காயவைத்தது மெரூன். நேவி ப்ளூவைக் காயவைத்திருந்தால் மேலே நீலம் இருக்க வேண்டும். இதை நான் அந்த நொடிக்கு முன்பு ஒரு தடவைகூட யோசிக்கவில்லை, டிராயரை யோசித்தேன், தாளை யோசித்தேன், பஞ்சை யோசிக்கவில்லை. என் கை நீள்வதற்குள் சென்னியப்பன் அண்ணன் குனிந்து ஜாலியை உருவிவிட்டார். பார்த்தார். மெரூன் பஞ்சு, பஞ்சுமிட்டாய் மாதிரி, ஒரு கைப்பிடி. விரலால் வழித்து உருண்டையாக்கினார், குப்பைக்கூடை அவர் காலடியிலேயே இருந்தது, அதில் போடவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சுத்தமா இருக்குதுங்க மேடம்," என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும்.

முப்பத்தேழு. அவர் சட்டைப் பை லேசாக உப்பியிருக்கிறது. பார்க்கக் கூடாது என்று நினைத்தால் கண் அங்கேயே போகிறது, கண்ணை இழுத்து டிரையர் கண்ணாடியில் வைக்கிறேன், நீலம் ஏறுகிறது, விழுகிறது. அவருக்கு ஐம்பது வயது இருக்கும், இருபத்தாறு வருடமாக ஸ்டென்டர். மெஷின் என்றால் சின்ன மெஷின் இல்லை, ஒரு கல்யாண மண்டபத்தின் நீளம், உள்ளே அடுப்பு வரிசை, இரண்டு ஓரமும் சங்கிலி, சங்கிலி முழுக்க ஊசி. ஈரத்துணியின் இரண்டு கரையையும் ஊசியில் குத்தி, இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இழுத்துப் பிடித்து, சூட்டுக்குள்ளே ஓட்ட வேண்டும், மறுபக்கம் வரும்போது காய்ந்து, கேட்ட அகலத்தில் விறைத்து வரும். சங்கிலி எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு அகலம். இந்த நேவி ப்ளூ தானாக வந்தது எழுபது அங்குலம்தான். ஆர்டர் எழுபத்திரண்டு. சூப்பர்வைசர் போனில் சத்தம் போட்டது லேப் வரைக்கும் கேட்டது, "எழுபத்திரண்டு இல்லாம துணி வெளிய வரக்கூடாது." சென்னியப்பன் அண்ணன் சங்கிலியை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தார். துணி எழுபத்திரண்டு வந்தது. எனக்கு வரும் எண் எல்லாம் எழுபத்திரண்டாகவே இருக்கிறது. இழுத்தால் வரும், எந்தத் துணியும் வரும், தண்ணீரைப் பார்க்கும் வரைக்கும் அப்படியே நிற்கும். அவருக்கு ஏற்கெனவே ஒரு கம்ப்ளைன்ட் இருக்கிறது, போன வருடம் ஒரு லாட் சட்டையாகத் தைத்து முடித்த பிறகு சுருங்கிப்போனது, அதையும் இழுக்கச் சொன்னவர்கள் வேறு, பேர் வந்தது இவர் மேல். இன்னொன்று வந்தால் மெஷினை விட்டு இறக்கி குடோனில் ரோல் தூக்கப் போட்டுவிடுவார்கள் என்று கேண்டீனில் சொல்லிக்கொள்கிறார்கள். ஆக இந்தத் துணி சுருங்கினால் அவர். சுருங்கினால் நானும்தானே, நேற்று மைனஸ் நாலு என்று எழுதியவன் நான். ஆனால் இன்னும் ஒரு வழி இருக்கிறது, சுருங்கியது அவர் இழுத்ததால், நான் சரியாகத்தான் அளந்தேன், துணி ஒவ்வொரு ரோலுக்கும் ஒவ்வொரு மாதிரி வரும் என்று சொல்லலாம். அந்த வழி எனக்குத் தானாகவே தோன்றியது. தோன்றிய வேகத்தைப் பார்த்து நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன், நிஜமாகவே ஒரு அடி.

"ஏந்தம்பி," என்றார் சென்னியப்பன் அண்ணன், என் அசைவைப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்கினாரோ என்னவோ, "காலைல மேடம் குரூப்புல என்னமோ இங்கிலீசுல போட்டிருந்தாங்களே, ரிசல்ட்டுக்காக எல்லாரும் என்னமோ மேல இருக்கோம்னு. அதென்ன அது?" ஆன் டென்டர்ஹுக்ஸ் என்று போட்டிருந்தார். படித்தவுடன் எனக்கும் தெரியவில்லை, வாஷிங் மெஷின் ஓடும்போது போனில் தேடிப் பார்த்தேன். "ரிசல்ட் என்ன வருமோ என்னமோன்னு தவிச்சிட்டு இருக்கறதச் சொல்றதுங்ணா," என்றேன். "தவிக்கறதுக்கு எதுக்குத் தம்பி ஹுக்கு?" "அது உங்க மெஷின்தாங்ணா." அவர் புருவம் உயர்ந்தது. பிரமிளா மேடமும் நிமிர்ந்தார், எழுதியவர் அவர்தான், ஆனால் அவருக்கும் இது புதிதாக இருந்திருக்க வேண்டும். சொன்னேன். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முன்னால், அந்தக் குளிர் நாட்டில், கம்பளித் துணியை நெய்து, அலசி, ஈரத்தோடு விட்டால் சுருங்கிக் கோணிக்கொள்ளும், அதனால் ஊருக்கு வெளியே மைதானத்தில் வேலி மாதிரி நீளநீளமாக மரச்சட்டம் நட்டு, மேலேயும் கீழேயும் வளைந்த ஆணி அடித்து, ஆணியில் துணியின் கரையைக் குத்தி இழுத்துக் காயவைப்பார்கள். அந்தச் சட்டத்துக்குப் பேர் டென்டர். ஆணிக்குப் பேர் டென்டர்ஹுக். முடிவு தெரியாமல் காத்திருக்கிறவனின் மனசு, ஆணியில் மாட்டிய ஈரத்துணி மாதிரி இரண்டு பக்கமும் இழுபட்டு நிற்கிறது என்று பிற்பாடு யாரோ சொல்லப்போக, அதுவே பேச்சாகிவிட்டது. சட்டம் மெஷினாகி, ஆணி சங்கிலி ஊசியாகி, டென்டர் ஸ்டென்டராகி இங்கே நம் ஷெட்டில் ஓடுகிறது. நான் இவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாகிறது. நடுவில் ஒரு தடவைகூட சத்தமாப் பேசு என்று யாரும் சொல்லவில்லை, டிரையர் மட்டும் உம் கொட்டியது. சென்னியப்பன் அண்ணன் தாடையைச் சொறிந்தார். "அந்தக் காலத்துல எச்சா இழுக்க மாட்டாங்களா?" என்றார். "இழுத்திருக்காங்க. ஈரத்துல நல்லா இழுத்து அகலங்காட்டி வித்திருக்காங்க. அப்படி இழுக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்களாம், தண்டனையெல்லாம் இருந்துச்சாம்." அவர் டிரையரைப் பார்த்தார். "யாருக்குத் தண்டனை," என்றார், "இழுத்தவனுக்கா, இழுக்கச் சொன்னவனுக்கா?" பிரமிளா மேடம் சிரித்துவிட்டார். "அது போன்ல இருக்காதுங்ணா," என்றார். சென்னியப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. "அதானுங்க மேடம், அது எங்கயும் எழுதி வெக்க மாட்டாங்க."

இருபத்தெட்டு. நமக்கு என்ன இருக்கிறது இதற்கு, வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், இருப்புக் கொள்ளவில்லை, முள் மேல் நிற்கிற மாதிரி, நெருப்பின் மேல் நிற்கிற மாதிரி. கைக்குக் கிடைத்ததைக் கொண்டுதான் ஒவ்வொரு ஊரும் பயத்துக்குப் பேர் வைக்கிறது, சமையலறையில் நின்றவள் புளியைச் சொன்னாள், காட்டில் நின்றவன் முள்ளைச் சொன்னான், துணி நெய்தவன் ஆணியைச் சொன்னான். ஆனால் புளி கரைவது வயிற்றுக்குள், முள் குத்துவது காலில், ஆணிதான் இரண்டு பக்கமும் பிடிக்கிறது. என்னை இந்தப் பக்கம் பிடித்திருப்பது டிராயர், அந்தப் பக்கம் அவருடைய சட்டைப் பை. அப்பாவுக்கு அவசர வேலை வரும் நாளில் ஈர வேட்டியை அம்மா ஒரு முனையும் அப்பா ஒரு முனையுமாகப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியில் நிற்பார்கள், காற்று நடுவில் புகுந்து வேட்டி வயிறு உப்பும், இழுங்க, நீ இழு, என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டே நிற்பார்கள், சண்டை போட்ட நாளில்கூட. நான் வேட்டிக்கு அடியில் புகுந்து ஓடுவேன், சொட்டுச் சொட்டாக முதுகில் விழும். யாராவது ஒருவர் சொல்லாமல் கையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதெல்லாம் ஒரு பயம். ஒரு தடவையும் விடவில்லை. துணி காய்ந்தது, அப்பா கட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான், ஆனால் அந்தப் பயம் மட்டும் அந்த மொட்டை மாடியிலேயே காயாமல் கிடக்கிறது. சென்னியப்பன் அண்ணன் ஏன் பஞ்சைக் குப்பையில் போடவில்லை? என்னைக் காட்டிக்கொடுக்க வைத்திருக்கிறாரா? துணி சுருங்கிவிட்டால், மேடம், இவன் நேத்துத் துவைக்கவே இல்லை, இதோ பாருங்க பஞ்சு, என்று எடுத்து வைப்பார். வைக்கத்தான் வேண்டும், நான் அவராக இருந்தால் வைப்பேன். அப்படியானால் ஏன் அப்போதே வைக்கவில்லை? மெரூன் பஞ்சு உருண்டை நெஞ்சுக்கு மேல், இடது பக்கம், துடிப்பு கேட்கிற இடத்தில் இருக்கிறது.

பிரமிளா மேடத்துக்குப் போன் வந்தது, கட்டிங் யூனிட். "லே போட்டாச்சா?" என்றார். லே என்றால் மேசை மேல் துணியை அடுக்கடுக்காக விரிப்பது, நூறு அடுக்கு, அதன் மேல் கத்தி இறங்கும். "எத்தனை அடுக்கு? ... கத்தி வைக்காதீங்க. பன்னெண்டரைக்கு நான் சொல்றேன். ... இல்ல மாஸ்டர், நான் சொன்னா மட்டும்." போனை வைத்துவிட்டு யாரிடமும் இல்லாமல் சொன்னார், "மாஸ்டர் கத்தியைக் கையிலேயே பிடிச்சுட்டு நிக்கறாரு போல." "கட்டிங் மாஸ்டருங்க எல்லாம் அப்படித்தானுங்க," என்றார் சென்னியப்பன் அண்ணன், "துணி விரிச்சிருந்தா அவுங்களுக்குக் கை அரிக்கும். எங்க சம்பந்தி ஒருத்தரு கட்டிங் மாஸ்டரு, கல்யாண வீட்டுல வாழை இலையை விரிச்சா அதையும் நாலா மடிச்சுப் பாப்பாரு." மேடம் சிரித்தார், நானும் சிரித்தேன், சிரிப்பு முடிந்த இடத்தில் பத்தொன்பது நிமிடம் இருந்தது. வெட்டிவிட்டால் துணி இல்லை. வெட்டாத துணியை மறுபடி நனைக்கலாம், ஸ்டென்டரில் ஏற்றலாம், எழுபதுக்கு விட்டு ஓட்டலாம், இரண்டு நாள் வீணாகும், நாலு பேர் கத்துவார்கள், துணி துணியாக இருக்கும். வெட்டிய பிறகு அது கையும் கழுத்தும் முதுகும், நாலாயிரம் குழந்தைகளின் முதுகு. எங்கேயோ ஒரு வீட்டில் முதல் தடவை துவைத்துக் காயப்போட்டு எடுத்துப் பார்ப்பார்கள், போன வாரம் சரியாக இருந்த சட்டை இப்போது பிள்ளையின் தோளைப் பிடிக்கும், பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நினைப்பார்கள். இதை நேற்று நாலரை மணிக்கு நினைக்கவில்லை. நேற்று நாலரை மணிக்கு ஹாரன் சத்தத்தைத்தான் நினைத்தேன்.

பதினொன்று. ஒருவேளை சுருங்காமலே இருக்கலாம். இந்த நினைப்பு வந்ததும் உடம்பு லேசாகிறது, பத்து நொடி லேசாக இருக்கிறது. நாற்பத்தெட்டு வரட்டும், நாற்பத்தெட்டு என்றால் மைனஸ் நாலு, நான் எழுதியதே வந்துவிடும், நான் எழுதியதால்தான் வந்தது போல. யாரும் எதையும் சொல்ல வேண்டாம், பஞ்சு சட்டைப் பையிலேயே காய்ந்து போகும், டிராயரில் இருப்பதை நான் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய் வண்டி துடைக்க வைத்துக்கொள்வேன். மறுபடி டிராயரில்தான் சாய்ந்திருக்கிறேன், கைப்பிடி இருக்கிற இடத்தில் இடுப்பு மரத்துவிட்டது. எட்டு. இரண்டு அங்குலம் இழுத்த துணி நாற்பத்தெட்டு வருமா? எழுபதில் இரண்டு, அதுவே நூற்றுக்கு மூன்றுக்குப் பக்கம், பருத்தி தானாகச் சுருங்குவது நாலு, கூட்டினால் ஏழு. இந்தக் கணக்கு நேற்றே போட்டிருக்கலாம், பேப்பரில் இல்லை, மனசில், ஒரு நொடி ஆகியிருக்கும். இந்தக் கணக்கு சென்னியப்பன் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நேற்று ஐந்தரை மணிக்கு ஷிப்ட் முடிந்து போகும்போது லேப் வாசலில் நின்று, "நேவி ப்ளூ எவ்வளவு தம்பி வந்துச்சு?" என்று கேட்டார். "மைனஸ் நாலுங்ணா, பாஸ்." "நாலா?" என்றார். "நாலுங்ணா." சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார். மூன்று. இரண்டு. டிரையர் கடைசி நிமிடத்தை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருக்கும், எல்லா நாளும் அப்படித்தான், எனக்காக இன்று செய்யவில்லை. ஏறியது, யோசித்தது, விழுந்தது. ஏறவில்லை.

நின்றதும்தான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அந்தச் சத்தத்தின் மேல் சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறோம். துணியை எடுத்து மேசையில் போட்டேன், கையில் சூடாக இருந்தது, தூங்கி எழுந்த குழந்தை மாதிரி. சூட்டோடு அளக்கக் கூடாது, கொஞ்ச நேரம் கிடக்க விட வேண்டும். மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று துணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வெளியே ஸ்டென்டர் ஓடும் சத்தம் கதவு இடுக்கு வழியாக வந்தது. கரையில் ஊசி குத்திய துளைகள் வரிசையாக, துவைத்ததில் பாதி மூடியிருந்தன. "பாக்கலாமா?" என்றார் மேடம். நீளத்தை முதலில் அளந்தேன். நாற்பத்தெட்டரை. இன்னொரு இடத்தில், நாற்பத்தெட்டரை. "பாஸ்," என்றார் மேடம், மூச்சை விட்டபடி. எனக்கு அந்த லேசு திரும்பி வந்தது, இந்தத் தடவை பத்து நொடிகூட நிற்கவில்லை. ஸ்கேலைக் குறுக்கே திருப்பினேன். நாற்பத்தாறு புள்ளி நாலு. நடுவில் நாற்பத்தாறு புள்ளி ஆறு. கீழே நாற்பத்தாறரை. ஸ்கேலை எடுத்துத் திரும்ப வைத்தேன், துணியை உள்ளங்கையால் தடவினேன், இழுக்காமல் தடவ வேண்டும், தடவுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அந்த இடத்தில் என் கை ஒரு கணம் நின்றது. எடுத்துவிட்டேன். "மைனஸ் ஏழு மேடம்," என்றேன்.

அவர் லேப்டாப்பை மூடி மேசை ஓரத்தில் வைத்தார். ஒரு தாளை எடுத்தார். "நேத்து நாலு. இன்னிக்கு ஏழு." யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. "நாந்தானுங்க மேடம் இழுத்தது," என்றார் சென்னியப்பன் அண்ணன். "ரெண்டு இஞ்ச். காலைல போன்லயே உங்ககிட்டச் சொன்னனுங்களே." போன். அந்த யார் எட்டரை மணியிலிருந்து என் கூடவே நடந்துகொண்டிருந்தது, கதவுக்குப் பக்கத்தில்தான் நின்றிருக்கிறது, உட்காராமல். "சொன்னீங்கண்ணா," என்றார் மேடம், "சொன்னதுனாலதான் கத்தியை நிறுத்தினேன். எழுபதுக்கு விட்டு ரீ-பிராசஸ் பண்ணிக்கலாம். ஆனா நேத்து ரிப்போர்ட்ல எப்படி நாலு வந்துச்சு? அதுக்கு நான் காரணம் எழுதணுமே." பேனா மூடியைக் கழற்றினார். சென்னியப்பன் அண்ணன் சட்டைப் பையின் மேல் கையை வைத்தார், நான் பார்த்தேன், வைத்து, எடுக்காமல், கையைக் கீழே விட்டார். "முன்னாடி ஓட்டின நாலு ரோலை நான் இழுக்கலீங்க, ஒரு மாதிரி எழுபதுலயே போயிருச்சு. தம்பி அதுல ஒண்ணுல சாம்பிள் வெட்டியிருக்கும். அப்படித்தான தம்பி?" முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணில் ஒன்றும் இல்லை, கேள்விகூட இல்லை, துணியைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு உம். உம் என்றால் கதை அடுத்த அடி வைத்துவிடும், மேடம் எழுதிக்கொள்வார், சாம்பிள் வேறு ரோல், யாருடைய பேரும் இல்லை, இல்லை, ஒரு பேர் இருக்கும், இழுத்தவர் பேர். உம் கொட்டுவது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, சின்ன வயதிலிருந்து எத்தனை ராஜாக்களை நகர்த்தியிருக்கிறேன். மூச்சு உதடு வரைக்கும் வந்தது. "நான் துவைக்கலீங்க," என்றேன்.

"என்னங்க?" என்றார் மேடம். கேட்கவில்லை. வெளியே ஸ்டென்டர், என் குரல், பின்பெஞ்சு. கேட்காததால் அது இன்னும் சொல்லப்படவில்லை, இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கலாம், வேறு எதையாவது சொல்லலாம், ஆமாங்க மேடம் வேற ரோல், என்று இரண்டே சொல். முதல் தடவை வாய் தானாகச் சொன்னது. இப்போது நான் சொல்ல வேண்டும். டிராயரை இழுத்தேன், அது எப்போதும் பாதியில் சிக்கும், இன்றும் சிக்கியது, தூக்கி இழுத்தேன். நாலாக மடித்த நேவி ப்ளூவை எடுத்து மேசையில், சுருங்கிய சதுரத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். ஊசித் துளைகள் மூடாமல், நேற்றைய வரிசையிலேயே. பேனாக் கோடு மங்காமல். "நேத்து இதைத் துவைக்கலீங்க மேடம். வரைஞ்சு, வெட்டி, உள்ள வெச்சுட்டேன். நாலுன்னு நானா எழுதினேன். அண்ணன் சொல்ற மாதிரி வேற ரோல் இல்ல." இந்தத் தடவை கேட்டது, கேட்டது என்பது அவர் பேனாவிலிருந்து தெரிந்தது, அது தாளில் ஒரு புள்ளி வைத்து அங்கேயே நின்றது. மற்ற ஐந்து லாட்டையும் துவைச்சீங்களா என்று கேட்டார். துவைத்தேன் என்றேன். அதை எப்படி நம்பறது என்றார், கோபமாக இல்லை, கணக்கு மாதிரி. அது எனக்குப் படவே இல்லை இதுவரை, துவைத்த ஐந்தும் இப்போது துவைக்காதது போலாகிவிட்டது. "முழுப் பேரு?" என்றார். "சு. நவனீதன்." எழுதினார். ஆளைப் பார்க்காமல் எழுதி, கீழே ஒரு கோடு போட்டார், தாளை மடித்து லேப்டாப் பைக்குள் வைத்தார். போனை எடுத்தார். "மாஸ்டர், லேயைப் பிரிச்சு ரோலைத் திருப்பி அனுப்புங்க. ... ஆமா எல்லாம். கத்தியை உள்ள வெச்சுருங்க." கதவைத் திறந்தபோது ஸ்டென்டர் சத்தம் அறைக்குள் ஒரு ஆள் மாதிரி நுழைந்தது, அவர் வெளியே போனதும் கதவோடு அதுவும் போயிற்று.

அறையில் நாங்கள் இரண்டு பேர், மேசையில் இரண்டு சதுரம், ஒன்று ஐம்பது, ஒன்று நாற்பத்தாறரை. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அவ்வளவு பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை, இரண்டு விரல் இருக்கும். மாதக் கடைசி என்ன ஆகும் என்று யோசிக்கப் பார்த்தேன், யோசனை அந்தப் பக்கம் போகவில்லை. அவரையும் மெஷினை விட்டு இறக்குவார்களா என்று கேட்கலாம், கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. சென்னியப்பன் அண்ணன் துவைத்த துணியைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, கரையைப் பார்த்தார். "நேத்து நாலுன்னு நீ சொன்னதும் எனக்குச் சோறு எறங்கல," என்றார். "இருபத்தாறு வருசத்துல நான் இழுத்த துணி எதுவும் நாலு வந்ததில்ல. ஒண்ணு எனக்குத் துணி மறந்து போச்சு, இல்லாட்டி உனக்கு. எதுன்னு தெரியாம விடிய விடியப் படுத்துட்டிருந்தேன்." துணியைக் கீழே வைத்தார். "வெட்டாம இருக்குதல்ல. போதும்." சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு மெரூன் உருண்டையை எடுத்தார். கொஞ்சம் நசுங்கியிருந்தது. அதை நான் துவைக்காத சதுரத்தின் நடுவில், சரியாக நடுவில், வைத்தார். "ரோலு ரெண்டு மணிக்கு வந்துரும். எழுபதுக்கு ஓட்டறேன், நீ வந்து கூட நில்லு," என்றார், "அதுவரைக்கும் இங்க இருந்தீன்னா." உம், என்றேன். அதைக் கேட்க அவர் நிற்கவில்லை, கதவைத் தள்ளித் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சத்தத்துக்குள் நடந்து போனார்.